மாந்தோப்பு விசாவுக்குக் கணக்கில் வருமா? வெளிநாட்டில் ஓய்வுக்காலம் பற்றி ஒரு பதில்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கேட்டவர் காவேரிப்பட்டணத்துக்காரர், வயது 57. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 29 ஆண்டு வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியிருக்கிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துக் கையில் 38 லட்சம் இருக்கிறது. மூன்று ஏக்கர் மாந்தோப்பு, ஓசூரில் மாதம் 24,000 வாடகை வரும் இரண்டு வீடு, மனைவியின் நகை என்று மொத்தமாகக் கூட்டினால் இரண்டு கோடி தாண்டுகிறது. பி.எஃப். பென்ஷன் 58 வயதில் தொடங்கினால் 4,100 வரும். கணவனும் மனைவியும் தாய்லாந்து, மலேசியா, போர்ச்சுகல் மூன்றில் ஒன்றில் போய்க் குடியிருக்க ஆசைப்படுகிறார்கள். "இரண்டு கோடி சொத்து இருக்கிறது, விசாவுக்கு இது போதுமா?" என்று கேட்கிறார்.

போதுமா என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. இந்த இரண்டு கோடியில் எவ்வளவு, அந்த நாட்டு அதிகாரியின் கண்ணுக்குப் பணமாகத் தெரியும்? அதற்கு மட்டும் விடை கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும். நான் ஓசூரில் ஒரு பொதுத்துறை வங்கியில் 19 ஆண்டு அந்நியச் செலாவணி மேசையில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் இந்தியப் பக்கத்து விதிகள் எனக்கு அன்றாட வேலை. அந்த நாடுகளின் விசா விதிகளை என்னிடம் வந்தவர்களின் விண்ணப்பங்கள், நிராகரிப்புக் கடிதங்கள் வழியாகப் படித்தேன். ஆகவே பணத்தைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். விசா அதிகாரி என்ன முடிவெடுப்பார் என்பதை நானோ, காசு வாங்கும் ஏஜென்ட்டோ உறுதி சொல்ல முடியாது.

தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் மேசைக்கு வந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். பட்டா, சிட்டா, அப்பா காலத்துக் கிரயப் பத்திரம், நகை மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்த சீட்டு, வீட்டு வரி ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். கடைசியாக, பைக்கு அடியிலிருந்து பாஸ்புக் வந்தது. இருப்பு 1,14,000. அவருக்கு வேண்டிய விசாவுக்கு மேலே அடுக்கிய எதுவும் உதவவில்லை, அடியில் இருந்த அந்தப் பாஸ்புக்கைத்தான் கேட்டார்கள். நம் மாவட்டங்களில் சொத்து என்றால் நிலம், நகை, கைமாற்று, சீட்டு. நாலு தலைமுறையாக நம்மைக் காப்பாற்றியது அதுதான், அதில் தப்பே இல்லை. ஆனால் ஓய்வுக்கால விசா கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, மாதாமாதம் உங்கள் பெயரில் வங்கிக்கு வந்து விழும் வருமானம். இல்லையென்றால், குறிப்பிட்ட காலம் அசையாமல் கணக்கில் கிடக்கும் ரொக்கம். மலேசியா போன்ற சில நாடுகள் அங்கேயே வீடும் வாங்கச் சொல்லும். ஆடிட்டர் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்றிதழ் பின்புலத்துக்கு நல்லது, ஆனால் அதைவைத்து வருமான நிபந்தனையைத் தாண்ட முடியாது.

மலேசியாவை முதலில் எடுத்துவிடுகிறேன், அது சீக்கிரம் முடியும். 'மலேசியா என் இரண்டாவது வீடு' திட்டத்தை 2024-ல் மாற்றி அமைத்தார்கள். அதன் கீழ்ப்படி வெள்ளிப் பிரிவு. அதற்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும், கூடவே குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும். வைப்புத்தொகை மட்டுமே நம் பணத்தில் 1 கோடியே 25 லட்சத்துக்குக் குறையாது. தோப்பையும் இரண்டு வீட்டையும் விற்றால் ஒருவேளை எட்டிப்பிடிக்கலாம், விற்ற பிறகு சாப்பிட எதுவும் இருக்காது. 50 வயது கடந்தவர்களுக்கு 32,000 டாலர் போதும் என்று ஏஜென்ட் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது ஜொகூரில் சிறப்பு மண்டலம் ஒன்றுக்கான பிரிவு, அங்கேயே வீடு வாங்கியாக வேண்டும். பினாங்கில் முருகன் கோவில் பக்கத்தில் குடியிருக்கலாம் என்று கனவு கண்டு, பணத்தை வேறோர் ஊர்க் கட்டடத்தில் பூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பினாங்கு பிடித்திருந்தால் சுற்றுலாவாகப் போய்த் தைப்பூசத்துக்கு இருந்துவிட்டு வாருங்கள்.

போர்ச்சுகலின் டி-7 விசாவுக்கு வேலை செய்யாமல் வரும் வருமானம் வேண்டும். பென்ஷன், வாடகை, வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேரும். அளவுகோல் அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம். 2025-ல் அது மாதம் 870 யூரோ, மனைவிக்கு அதில் பாதி கூடுதல். இருவருக்கும் சேர்த்து 1,305 யூரோ, நம் பணத்தில் ஒன்றே கால் லட்சத்துக்குக் குறையாது. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடகை 24,000. பென்ஷன் 4,100. கையிலிருப்பதில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீதக் கணக்கில், மாதத்துக்கு 20,500 ஆகும். மொத்தம் 48,600. பாதியைக்கூட எட்டவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 2015-ல் அந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 505 யூரோ, 2020-ல் 635. அளவுகோல் மேலே ஏறிக்கொண்டே போகிறது. நம் ரூபாயோ யூரோவுக்கு எதிராக இறங்கிக்கொண்டு வருகிறது. அரசு ஓய்வூதியருக்கு அகவிலைப்படி உண்டு, உங்கள் பி.எஃப். பென்ஷனுக்கு அது கிடையாது. 15,000 ரூபாய் உச்சவரம்பில் கணக்கிட்டால் 35 ஆண்டு சேவைக்கே மாதம் 7,500 தான் வரும். ஓசூர்த் தொழிற்சாலைகளிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உழைத்த உழைப்புக்கு மொத்தமாக ஒரு தொகை வந்துவிடுகிறது, மாத வருமானம் என்று காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. இன்று விசா கிடைத்தாலும், இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது நிபந்தனையை எட்டாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். அந்த வயதில் அந்த அலைச்சலை யாருக்கும் நான் விரும்ப மாட்டேன்.

மிஞ்சுவது தாய்லாந்து. உங்கள் 38 லட்சம் பேசக்கூடிய இடமும் அதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 50 வயது நிரம்பியவருக்கு ஓய்வுக்கால அனுமதி உண்டு. நிபந்தனை, தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாத், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், அல்லது இரண்டும் கலந்து ஆண்டுக்கு 8 லட்சம். 65,000 பாத் என்றால் மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல், அந்த வழி உங்களுக்கு இல்லை. வைப்புத்தொகை வழிதான். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் 2 மாதம் அந்த 8 லட்சம் முழுசாகக் கணக்கில் கிடக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு இன்னும் 3 மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த நீட்டிப்புக்கு மறுபடியும் 8 லட்சமாக நிரப்ப வேண்டும். அதாவது அது உங்கள் பணம், ஆனால் சாப்பிட எடுக்கிற பணம் கிடையாது. விதைநெல் மாதிரி குதிரில் கிடக்கும். சாப்பாட்டுக்கு, வாடகைக்கு, மருந்துக்கு வேறு பணம் மாதாமாதம் வர வேண்டும். "8 லட்சம் பாத் காட்டினால் போதும்" என்று கேட்டுவிட்டு அந்த 8 லட்சத்திலேயே குடித்தனம் நடத்தலாம் என்று நினைத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நீட்டிப்புக்கே கணக்கு இடித்தது.

இந்தத் தொகையை இங்கிருந்து அனுப்புவதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய சில விஷயங்கள் உண்டு. இந்தியாவில் குடியிருப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம், உங்களுக்கு அது தாராளம். ஆனால் டி.சி.எஸ். என்று, வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் ஒரு வரிப் பிடித்தம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு, படிப்பு, மருத்துவம் போன்றவை தவிர்த்த காரணங்களுக்கு, 20 சதவீதம் வங்கி பிடித்துவிடும். பாத் இரண்டரை ரூபாய்க்கு மேல் போகிறது, செலவுக்கும் கொஞ்சம் சேர்த்து 22 லட்சம் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே தடவையில் அனுப்பினால் 12 லட்சத்துக்கு 20 சதவீதம், 2 லட்சத்து 40 ஆயிரம் பிடித்தம். அதையே மார்ச்சில் 10 லட்சம், ஏப்ரலில் 12 லட்சம் என்று பிரித்தால் நிதியாண்டு மாறிவிடும், பிடித்தம் 40 ஆயிரத்தோடு நிற்கும். இது விதிக்குள் இருக்கும் வழிதான், ஒளித்துச் செய்வது எதுவும் இல்லை. பிடித்த பணமும் போய்விடாது, பேன் எண்ணில் பதிவாகி, வரி கட்ட வேண்டியது போக வருமான வரி ரிட்டர்னில் திரும்பி வரும். ஆனால் வருகிற வரை உங்கள் கையில் இருக்காது. மனைவி பெயரில் பாதி அனுப்பினால் இன்னொரு 10 லட்சம் கிடைக்குமே என்று கேட்பீர்கள். அங்குள்ள கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள், வங்கியும் கேள்வி கேட்கும், அங்கே குடியேற்ற அலுவலகமும் கேட்கும். பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கான வரவுச் சீட்டை அங்குள்ள வங்கியில் ஒவ்வொரு முறையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் அதைக் கேட்பார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது என்று இங்கும் கேட்பார்கள், அங்கும் கேட்பார்கள். மாந்தோப்பு விஷயம் இங்கேதான் வருகிறது. ஜூன் மாதப் பாஸ்புக்கில் 'கேஷ் 1,80,000' என்று ஒரு வரி இருக்கும். அது பெங்களூரா மாங்காய் விற்ற பணம், கூழ்த் தொழிற்சாலைக்கு லோடு போன பணம் என்று நமக்குத் தெரியும். நம் பக்கத்தைக் கேள்விப்படாத ஒரு அதிகாரிக்கு அது விளக்கம் இல்லாத ரொக்கம், அவ்வளவுதான். இந்த வருடச் சீசனிலிருந்தே வியாபாரியிடம் பணத்தை வங்கி வழியாகப் போடச் சொல்லுங்கள். மண்டி ரசீதை வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மா என்று பயிர் எழுதிய அடங்கல் எடுத்து வையுங்கள். தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலர் ரிட்டர்னில் அதைக் காட்டுவதே இல்லை. காட்டுங்கள். வரி இல்லாத வருமானம் என்ற இடத்தில் வருடாவருடம் பதிவானால், அதுவே பின்னாளில் உங்களுக்குச் சாட்சி. இரண்டு வீட்டு வாடகைக்கும் இதே கதைதான். கையில் வாங்கும் வாடகை உங்களுக்கு வருமானம், விசாவுக்கு அது வருமானமே கிடையாது.

கடைசி நேரத்தில் கடன் வாங்கிக் கணக்கை நிரப்புவது வேண்டவே வேண்டாம். ஒருவர் மைத்துனரிடம் 18 லட்சம் வாங்கி விண்ணப்பத்துக்கு 9 நாள் முன்னால் போட்டார். ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். ஐந்து மாதம் நாற்பதாயிரத்துக்குள் ஓடிய கணக்கில் திடீரென்று 18 லட்சம். நிராகரித்துவிட்டார்கள், கட்டணமும் போனது. அடுத்த விண்ணப்பத்தில் 'முன்பு நிராகரிக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிய நிலை. பி.எஃப். பணம் உங்களுக்கு வந்த விதம் அப்படி இல்லை, அதற்கு ஒழுங்கான காகிதம் இருக்கிறது. அந்த 38 லட்சத்தை உடைத்து மற்றவர் கணக்குகளில் போட்டுக் குழப்பாதீர்கள். வந்த கணக்கிலேயே இருக்கட்டும்.

அப்புறம் காகிதத்தில் இன்னும் இரண்டு இடறல், இரண்டும் நம் ஊருக்கே உரியவை. ஒன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும், பாஸ்புக்கில் ஒரே எழுத்து, மனைவியின் கணக்கில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், ஆதாரில் இன்னொன்று. இங்கே மேலாளர் முகத்தைப் பார்த்து நம்புவார், அங்கே நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மாற்றிவிடுங்கள், இதற்கே நாலைந்து மாதம் ஆகலாம். இன்னொன்று திருமணப் பதிவு. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-ல்தான் வந்தது. 90-களில் கோவிலிலோ மண்டபத்திலோ கல்யாணம் செய்த பல தம்பதிகளிடம் பதிவுச் சான்றிதழே இல்லை, பத்திரிகையும் போட்டோவும்தான் இருக்கும். உங்கள் பெயரில் வைப்புத்தொகை காட்டி மனைவியைச் சார்ந்தவராகச் சேர்க்க அந்தச் சான்றிதழ் அவசியம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய திருமணத்தையும் பதியலாம், இந்த மாதமே போய்க் கேளுங்கள்.

போன பிறகு இங்குள்ள பணத்துக்கு என்ன ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. நிரந்தரமாகக் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் குடியிருப்பவர் இங்குள்ள வருமானத்துக்காக வைத்திருக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு வட்டிக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் முதலிலேயே பிடித்துவிடுவார்கள். வரித்துறைக் கணக்கில் நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும், உங்கள் வீட்டு வாடகைக்கும் குடியிருப்பவரே வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். ஓசூரில் 12,000 வாடகைக்கு இருக்கிற ஒரு தொழிலாளி அதைச் செய்வாரா என்பது கஷ்டமான கேள்வி, போகும் முன் ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாகக் கணக்குத் தொடங்க முடியாது. விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் புதிதாக வாங்க முடியாது. விற்றாலும் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். தாய்லாந்துப் பக்கத்தில், ஒரு வருடத்தில் 180 நாள் இருந்தால் வரிக் கணக்கில் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவீர்கள். 2024 முதல், நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவரும் வருமானமும் அங்கே வரிக் கணக்கில் வரும். இரு நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தவும் காகிதம் வேண்டும்.

மருத்துவக் காப்பீடு தனிச் செலவு. இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகும் ஓ-ஏ வகை விசாவுக்கு 30 லட்சம் பாத் அளவுக்குக் காப்பீடு கேட்கிறார்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் 60 வயதை நெருங்கும்போது அந்தப் பிரீமியம் எவ்வளவு என்று விலை கேட்டுவிட்டுத்தான் மற்றதைத் திட்டமிட வேண்டும். சிலருக்கு வைப்புத்தொகை எளிதாக இருந்து, காப்பீட்டில்தான் திட்டம் உடைந்தது.

ஆக, என் கணக்கில் உங்கள் இரண்டு கோடியில் இன்றைக்கு விசாவுக்குத் தெரிவது 38 லட்சமும் வங்கி வழியாக வரும் வாடகையும்தான். மலேசியாவும் போர்ச்சுகலும் எட்டாது. தாய்லாந்து எட்டும், ஆனால் 22 லட்சம் அங்கே முடங்கிய பிறகு மீதி 16 லட்சத்தின் வட்டி, வாடகை, பென்ஷன் எல்லாம் சேர்ந்து மாதம் 40,000-ஐ ஒட்டித்தான் வரும். அதில் இருவர் வாழ முடியுமா என்பதை வங்கிக்காரனால் சொல்ல முடியாது, உங்கள் மனைவியால் சொல்ல முடியும். சுற்றுலாவாகப் போய் ஒரு மாதம் வாடகை வீட்டில் இருந்து, சமைத்துச் சாப்பிட்டு, ஒரு நோட்டில் தினச் செலவை அவரை எழுதச் சொல்லுங்கள். தோப்பை மட்டும் இதற்காக விற்காதீர்கள். திரும்பி வர வேண்டி வந்தால் இறங்குவதற்கு அந்த இடம் இருக்கட்டும்.

இங்கே சொன்ன தொகைகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்தத் தூதரக இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாடகை இரண்டும் வங்கி வழியாக வருகிறதா, கடந்த மூன்று வருடம் ரிட்டர்ன் போட்டிருக்கிறீர்களா, திருமணம் பதிவாகியிருக்கிறதா, இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு வரும் மார்ச்சில் முதல் தவணை அனுப்ப முடியுமா, இல்லை இன்னொரு சீசன் பொறுக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.